அம்மா முகர்ந்து பார்க்கும் நேரம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் புனேயில் மண்டயிப் பக்கம் போகும்போது நமக்கு முன்னால் மூக்கு போய்ச் சேர்ந்துவிடும். மண்டயி என்றால் நம்ம ஊர் மண்டிதான். முழுப் பெயர் மகாத்மா புலே மண்டயி. 1886-ல் திறந்தபோது பம்பாய் கவர்னராக இருந்த ரே பிரபுவின் பெயரை வைத்திருந்தார்கள். எட்டுப்பட்டைக் கட்டடம், நடுவில் கோபுரம், சுற்றிலும் காய்கறிக் கடைகள். மாம்பழக் காலத்தில் அதைச் சுற்றியுள்ள தெருவெல்லாம் ஹாபூஸ், அதாவது அல்போன்சா மாம்பழம். வைக்கோலில் பொதிந்து, டஜன் கணக்கில் விற்பார்கள்.

அங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் வருஷா வருஷம் சண்டை வரும்.

அம்மா கும்பகோணத்துக்காரி. அப்பா போன பிறகு 2014-ல் என்னோடு இருக்க வந்துவிட்டாள். இமாம்பசந்தும் மல்கோவாவும் சாப்பிட்டு வளர்ந்தவள் இங்கே வந்து ஹாபூஸோடு ஒட்டிக்கொண்டது எனக்கே ஆச்சரியம். ஆனால் அவள் பழம் வாங்குகிற விதம் மட்டும் மாறவே இல்லை. ஒரு பழத்தை எடுப்பாள். காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவாள். கீழே வைப்பாள். அடுத்ததை எடுப்பாள். நடுவில் முந்தானையை ஒரு தடவை முகர்ந்துகொள்வாள். பிறகு முதலில் வைத்த பழத்துக்கே திரும்பி வருவாள். ஒரு டஜன் பொறுக்க இருபது நிமிஷம். நான் ஸ்கூட்டரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, போலீஸ் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

"அம்மா, எல்லாம் ஒண்ணுதாம்மா. எடு, போலாம்."

"ஒண்ணு இல்லடி. நீ போய் வண்டிகிட்ட நில்லு."

கடைக்கார மாவ்ஷி (சித்தி என்று அர்த்தம், இங்கே எல்லாக் கடைக்காரப் பெண்களும் மாவ்ஷிதான்) ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எனக்குத்தான் பொறுக்காது. நான் வேலை பார்க்கும் இடத்தில் சட்டென்று முடிவெடுப்பவர்களுக்குத்தான் மரியாதை. யோசிக்கணும் என்று யாராவது சொன்னால் அறையில் ஒரு சங்கடம் பரவும். அப்படியே பழகி, தாமதம் என்றாலே மூளையின் பலவீனம் என்று நம்பிவிட்டேன். அம்மாவுக்கு வயதாகிறது, முடிவெடுக்கத் தெரியவில்லை என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் அம்மாவை அழைத்துப் போகாமல், வேலை முடிந்து வரும் வழியில் சாலையோரம் நானே ஒரு பெட்டி ஹாபூஸ் வாங்கினேன். பெட்டியைத் திறந்து காட்டினார்கள், மேல் வரிசையை ஒரு தடவை முகர்ந்தேன், பணத்தைக் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேல் வரிசை மட்டும்தான் கொங்கண் பழம். கீழே இருந்ததெல்லாம் வேறு. கர்நாடகத்திலிருந்தும் ஹாபூஸ் வருகிறது. அதுவும் நல்ல பழம்தான், விலை குறைவு, தோல் கொஞ்சம் தடிப்பு, மணம் குறைவு. அதை ரத்னகிரி, தேவ்கட் என்று சொல்லி விற்பதுதான் தகராறு. 2018-ல் ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்கட், தானே, பால்கர் மாவட்டத்து ஹாபூஸுக்குப் புவிசார் குறியீடு கொடுத்ததற்கு இந்தத் தகராறும் ஒரு காரணம்.

அம்மா அடி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணைக்கூட மூடவில்லை.

"இது வேற."

ஒரு நொடி ஆகியிருக்காது. இருபது நிமிஷம் நிற்கிறவள், ஒரே நொடியில் சொல்லிவிட்டாள். அந்த இரண்டும் ஒரே மூக்கு, ஒரே மூளை. அப்படியானால் அவள் மெதுவானவள் என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? இந்தக் கேள்விதான் என்னை மூளையைப் பற்றிப் படிக்க வைத்தது.

இதற்கான பதிலைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தொலைவில், பாஷாணில் இருந்தது. ஹோமி பாபா சாலையில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகம், எல்லோரும் ஐசர் என்று சொல்வது, 2006-ல் தொடங்கியது. அங்கே நிக்சன் ஆபிரகாம் என்ற விஞ்ஞானியின் குழு சுண்டெலிகளின் மோப்பத்தை வைத்து, மூளை எப்படி முடிவுக்கு வருகிறது என்று ஆராய்கிறது. அவர் புனேக்கு வருமுன் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்தபோது சகாக்களோடு சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தபோது எனக்கு மண்டயி ஞாபகம்தான் வந்தது.

சோதனை எளிமையானது. சுண்டெலி ஒரு துவாரத்துக்குள் தலையை நீட்டும். ஒரு வாசனை வரும். அது 'நல்ல' வாசனையாக இருந்தால், குழாயை நக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கும். மற்ற வாசனையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது, சுண்டெலி தலையை இழுத்துக்கொண்டு போய்விடும். தலை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஓர் ஒளிக்கதிர் கண்காணிக்கும். இரண்டு வாசனைக்கும் தலையின் அசைவு எந்தக் கணத்தில் வேறுபட ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், எலி முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்துவிடும். நன்றாக வேறுபடும் இரண்டு வாசனைகள் என்றால் 200 மில்லிநொடிக்குள், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள், முடிந்துவிடுகிறது. அடுத்து அதே இரண்டு வாசனைகளைக் கலந்தார்கள். ஒரு கலவையில் இது 60 பங்கு, அது 40. மற்றதில் தலைகீழ். இப்போது சுண்டெலி 70 முதல் 100 மில்லிநொடி வரை கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஆனால் தவறு செய்யவில்லை. சரியாகச் சொல்வதை விட்டுக்கொடுக்காமல், நேரத்தை விட்டுக்கொடுத்தது.

70 மில்லிநொடி என்பது நமக்கு ஒன்றுமே இல்லை, கண் இமைக்கக்கூடப் போதாது. சுண்டெலியின் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம். ஒத்துப்போகிற இரண்டைப் பிரிக்க மூளை நேரம் கேட்கிறது. வேறுபட்டவற்றைப் பிரிக்கக் கேட்பதில்லை. அடி வரிசைப் பழத்துக்கு அம்மாவுக்கு ஒரு நொடி போதும். மாவ்ஷியின் கூடையில் ஒரே தோட்டத்திலிருந்து வந்த, ஒரே நாளில் பழுக்கப்போட்ட பன்னிரண்டு பழத்துக்கு அது போதாது.

சுண்டெலியின் கால் நொடியையும் அம்மாவின் இருபது நிமிஷத்தையும் அப்படியே தராசில் வைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அம்மாவின் முடிவில் நினைவு இருக்கிறது, விலை இருக்கிறது, யார் யாருக்கு எந்தப் பழம் என்ற கணக்கு இருக்கிறது. ஆனாலும் அடியில் ஓடுகிற நீர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முடிவு என்பதை நாம் பொத்தானை அமுக்குவது போல ஒரு கணத்து விஷயமாகக் கற்பனை செய்துகொள்கிறோம். மூளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் சித்திரம் வேறு. ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து மழை சொட்டுகிறது, கீழே இரண்டு உழக்கு வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உழக்கு 'இந்தப் பழம்', மற்றது 'அந்தப் பழம்'. ஒவ்வொரு சொட்டும் ஒரு சின்னச் சான்று. சில சொட்டு இதில் விழுகிறது, சில அதில், காற்றடித்தால் தப்பான உழக்கிலும் விழுகிறது. எது முதலில் விளிம்பைத் தொடுகிறதோ அதுதான் முடிவு. பழங்கள் நன்றாக வேறுபட்டால் ஓர் உழக்கில் மட்டும் சளசளவென்று கொட்டும், சீக்கிரம் நிரம்பும். ஒத்துப்போனால் இரண்டும் மாறி மாறி ஏறும், நேரமாகும். 1978-ல் ரோஜர் ராட்க்ளிஃப் என்ற உளவியலாளர் இதே போன்ற ஒரு சித்திரத்துக்கு நல்ல கணித வடிவம் கொடுத்தார்.

அதற்கும் முன்னால் இதே கணக்கைப் போட்டவர் ஆலன் டூரிங். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா ரகசியத்தை உடைக்கும்போது, கிடைக்கும் ஒவ்வொரு சிறு தடயத்துக்கும் ஓர் எடை கொடுத்து, அவற்றைக் கூட்டிக்கொண்டே போய், ஓர் எல்லையைத் தாண்டியதும் 'இதுதான்' என்று முடிவெடுக்கும் முறையைக் கையாண்டார். அந்தத் தடயத்தின் எடைக்கு 'பான்' என்று ஓர் அலகும் வைத்தார். டூரிங்கின் அம்மா ஈதெல் சாரா நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில் பிறந்தவர், தாத்தா மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். போத்தனூர் ஜங்ஷனில் ரயில் மாறும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

2002-ல் ஜோஷுவா கோல்டும் மைக்கேல் ஷாட்லனும் கேட்டார்கள்: டூரிங் காகிதத்தில் செய்ததை மூளை நரம்பு செல்லில் செய்கிறதா? ஷாட்லன் அதற்கு முன்பே வில்லியம் நியூசமோடு சேர்ந்து குரங்குகளிடம் சோதனை செய்துவந்தார். திரையில் புள்ளிகள் எறும்புக்கூட்டம் போலக் கலைந்து ஓடும். அதில் ஒரு பகுதி மட்டும் ஒரே திசையில் போகும். எந்தத் திசை என்று குரங்கு கண்ணைத் திருப்பிக் காட்ட வேண்டும். மூளையின் பக்கச்சுவர்ப் பகுதியில் சில நரம்பு செல்களின் துடிப்பு, குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிப்படியாக ஏறியது. தெளிவான திசை என்றால் வேகமாக ஏறியது, குழப்பமான திசை என்றால் மெல்ல ஏறியது. ஆனால் கண் திரும்பும் கணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தன. உழக்கின் விளிம்பு.

எனக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் 2016-ல் இன்னொரு குழு அதே பகுதியைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்துவிட்டுக் குரங்குகளைச் சோதித்தது. குரங்குகள் கிட்டத்தட்ட வழக்கம்போலவே சரியாக முடிவெடுத்தன. ஆக, அங்கே தெரிந்த ஏற்றம் உழக்கில் நீர் ஏறுவதன் பிம்பமாக இருக்கலாம், உழக்கே அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. மூளையில் 'முடிவெடுக்கும் இடம்' என்று ஒற்றை நாற்காலி எதுவும் கிடையாது போலிருக்கிறது.

உழக்கின் உயரத்துக்கு வருகிறேன், என் கதை அங்கேதான் இருக்கிறது. யாராவது 'சீக்கிரம், சீக்கிரம்' என்றால் சான்று வேகமாகச் சொட்ட ஆரம்பிப்பதில்லை. உழக்கு சின்னதாகிவிடுகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் நிரம்பினாலே விளிம்பு. சீக்கிரம் முடிவு வரும், தப்பும் வரும். யூனிவர்சிட்டி சௌக் சிக்னலில் இன்னும் மூன்று விநாடி இருக்கும்போதே முன்னால் நகருகிற வண்டிகளைப் பாருங்கள், ஒவ்வொரு தலைக்குள்ளும் உழக்கு அரைக்கால்படியாக இருக்கும். நான் மண்டயியில் நின்றுகொண்டு அம்மாவிடம் செய்ததும் அதுதான். அவள் உழக்கைப் பிடுங்கிச் சின்ன உழக்கைக் கையில் கொடுக்கப் பார்த்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

வள்ளுவர் தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், காலம் அறிதலுக்குத் தனியாக இன்னோர் அதிகாரம் வைத்தார். சிறுவயதில் மனப்பாடப் பகுதியாக மட்டும் தெரிந்த இந்தப் பிரிப்பு இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. சான்று ஒரு விஷயம், நேரம் வேறொரு விஷயம். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

நேரம் கொடுப்பதற்கென்றே மூளைக்குள் ஓர் ஏற்பாடும் இருக்கிறது. ஆழத்தில், சிறு பயறு போல, சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று ஒன்று. இரண்டு விருப்பங்கள் நெருக்கமாக மோதும்போது 'கொஞ்சம் பொறு' என்று கையைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலைகளில் ஒன்று என்று கருதுகிறார்கள். பார்கின்சன் நோயாளிகளுக்கு நடுக்கத்தைக் குறைக்க இந்த இடத்தில் மின்முனை பொருத்துவது உண்டு. 2007-ல் மைக்கேல் ஃப்ராங்கும் சகாக்களும் அப்படிப்பட்டவர்களிடம் தேர்வுச் சோதனை நடத்தினார்கள். சாதாரணமாக, இரண்டு நல்ல விருப்பங்கள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் யாரும் தயங்குவார்கள். மின்முனை வேலை செய்யும்போது இந்த நோயாளிகள் தயங்கவில்லை, அங்கேதான் இன்னும் வேகமாகப் பாய்ந்தார்கள். கருவியை நிறுத்தினால் தயக்கம் திரும்பி வந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தயக்கம் என்று நாம் திட்டுகிற ஒன்றுக்கு மூளைக்குள் ஓர் ஏற்பாடே இருக்கிறது. அதன் வேலை தடைபட்டால் மனிதர் யோசிக்காமல் பாய்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-ல் நிக்சன் ஆபிரகாமும் சகாக்களும் சுண்டெலியின் முகர்குமிழை ஆராய்ந்தார்கள். மூக்கிலிருந்து வாசனைச் செய்தி முதலில் வந்து சேரும் மூளைப் பகுதி அது. அங்கே ஒரு வகைச் சிறு செல்கள் பக்கத்து செல்களை அடக்கிவைக்கும் வேலையைச் செய்கின்றன. மரபணு மாற்றத்தால் இந்த அடக்குதலைக் கூட்டினார்கள். ஒத்துப்போகும் கலவைகளைச் சுண்டெலிகள் முன்பைவிட வேகமாகப் பிரித்தன. அடக்குதலைக் குறைத்தபோது அவை மெதுவாகின. எளிய வாசனைகளில் எந்த மாற்றமும் இல்லை. அதாவது, தேவையில்லாத குரல்களை மூளை எவ்வளவு நன்றாக அமைதிப்படுத்துகிறதோ அவ்வளவு சீக்கிரம் கடினமான முடிவு தெளிகிறது. அம்மா கண்ணை மூடிக்கொள்வதும், என்னை வண்டிப் பக்கம் போகச் சொல்வதும் எதற்கு என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முந்தானையை முகர்வதும் அப்படித்தான். ஒரே மணத்தில் மூக்கு பழகி மரத்துப்போகும், இடையில் அதிலிருந்து கொஞ்சம் விலகி ஓய்வு கொடுத்தால் தெளியும். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்படியென்றால் எவ்வளவு நேரம் எடுத்தாலும் நல்லதா? இல்லை. 2003-ல் நவோஷிகே உசிதாவும் சாக்கரி மைனனும் பெரிய எலிகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரே ஒரு மோப்பத்தில், சுமார் 200 மில்லிநொடியில், எலிகள் தங்களால் முடிந்த உச்சத்தை எட்டிவிட்டன. கடினமான கலவையிலும் கூடுதல் நேரம் பெரிதாகக் கேட்கவில்லை. இதற்கும் ஹைடல்பெர்க் முடிவுக்கும் இடையில் விவாதம் நடந்தது. 2006-ல் இன்னொரு குழு சுண்டெலிகளை வேண்டுமென்றே காத்திருக்க வைத்துப் பார்த்தது, காத்திருந்தவை கூடுதலாகச் சரியாகச் சொல்லின. பெரிய எலிகள் ஏன் காத்திருக்கவில்லை? காத்திருப்பதால் தங்களுக்கு லாபமில்லை என்று அவை கணக்குப் போட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஒரு தடவை தப்பினால் அடுத்த தடவை தண்ணீர் கிடைக்கும். எதை இழக்கிறோம் என்பதைப் பொறுத்து உழக்கு பெரிதாகவும் சிறிதாகவும் ஆகும்.

ஹாபூஸில் சாக்கா என்று ஒன்று உண்டு. வெளியே பழம் தங்கமாக இருக்கும், மணமும் குறையாது. அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல வெந்தும் வேகாததுமான சதை. வெளியிலிருந்து கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு எத்தனை நேரம் முகர்ந்தும் பயன் இல்லை, அந்தச் சான்று வெளியே சொட்டுவதே கிடையாது. அம்மாவுக்கு இது தெரியும். சாக்கா வந்தால் "அது அதோட தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த பழத்தை அறுப்பாள். தன் பொறுப்பு எது, எது இல்லை என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலை புனேயைப் போட்டு உலுக்கியபோது அம்மாவுக்கும் வந்தது. மூச்சு திணறவில்லை, ஆஸ்பத்திரி போகவில்லை, அந்த வரைக்கும் கும்பிட்டுக்கொண்டோம். ஆனால் வாசனை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் ஒரு டஜன் ஹாபூஸ் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா ஒன்றை எடுத்துக் காம்பில் மூக்கை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, "வாசனை இல்லாம மாம்பழம் கனமா இருக்குடி" என்றாள்.

காய்ச்சல் போனது, வாசனை வரவில்லை. 2022 சீசனில் வற்புறுத்தி மண்டயிக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். மாவ்ஷி முன்னால் நின்றாள். ஒரு பழம், இன்னொரு பழம். இரண்டு கையிலும் இரண்டு பழம். நிறம் தெரிகிறது, கனம் தெரிகிறது, விலை தெரிகிறது. எடுக்க முடியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து என்னிடம் திரும்பி, "நீயே எடு" என்றாள். எட்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அதை இப்படிக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை.

அன்டோனியோ தமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் 1994-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டவர். அறிவுச் சோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று மருத்துவர் இரண்டு தேதிகளைக் கொடுத்தார். அவர் டைரியை எடுத்துவைத்துக்கொண்டு கிட்டத்தட்ட அரை மணி நேரம் இரண்டு தேதிகளுக்கும் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார். வேறு வேலை, வானிலை, எல்லாம். கடைசியில் தமாசியோவே இரண்டாவது தேதியைச் சொன்னதும், சரி என்று உடனே ஒப்புக்கொண்டு போய்விட்டார். காரணங்கள் அவரிடம் நிறைய இருந்தன. எந்தக் காரணமும் அவருக்கு இனிக்கவில்லை, கசக்கவில்லை. எடை இல்லாத சொட்டுகள் எத்தனை விழுந்தாலும் உழக்கு நிரம்பாது.

அம்மாவுக்கு அந்தப் பகுதியில் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு நின்றுபோனது ஒரு வாய்க்கால் மட்டும். ஆனால் எழுபது வருஷமாக மாம்பழத்துக்கு எடை கொடுத்துவந்தது அந்த வாய்க்கால்தான். மணத்தின் பாதை மற்றப் புலன்களைப் போலத் தலாமஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல், உணர்ச்சியும் நினைவும் இருக்கும் இடங்களுக்கு நேராகப் போகிறது. அதுதான் மாம்பழ மணத்தோடு கும்பகோணத்து வீட்டுப் பரணும் அங்கே வைக்கோலில் பழுக்கவைத்த தாத்தாவும் வருவதற்குக் காரணம். பரணும் தாத்தாவும் இல்லாமல் எந்தப் பழத்தை எடுப்பது?

பாஷாணில் நிக்சன் ஆபிரகாமின் குழு இதற்கு முன்பே வேறொரு வேலையில் இறங்கியிருந்தது. சுண்டெலிகளுக்குப் பயன்படுத்திய அதே துல்லியத்தை 2020-ல் மனிதர்களுக்குக் கொண்டுவந்து, வாசனைகளைக் குறிப்பிட்ட அளவில் காற்றில் கலந்து கொடுக்கும் ஒரு கருவியைச் செய்து, கொரோனா தொற்று உள்ளவர்களைச் சோதித்தார்கள். வாசனை தெரிகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு வாசனை, சிறு இடைவெளி, இன்னொரு வாசனை. இரண்டும் ஒன்றா, வேறா? மோப்பமும் நினைவும் முடிவும் சேர்ந்தால்தான் பதில் சொல்ல முடியும். அறிகுறி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பலரிடமும் குறை தெரிந்தது. குணமான பிறகும் சிலருக்குப் புதிய வாசனைகளைக் கற்றுக்கொள்வது சிரமமாக இருந்தது என்று பிறகு எழுதினார்கள். இதைப் படித்தபோது முதல் தடவையாக அம்மாவிடம் உட்கார்ந்து, உனக்கு வயசாகிவிட்டது என்று இல்லை, இது இப்படி என்று விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த எலிக்கெல்லாம் தண்ணி குடுத்தாங்களா?" என்றாள். கொடுத்தார்கள் என்றேன்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் என்ற மருத்துவர் 2009-ல் ஒரு பயிற்சியைச் சொல்லியிருந்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும், பன்னிரண்டு வாரம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் செலவோ கெடுதலோ இல்லை. அம்மா அதைப் பூஜை போலச் செய்தாள். நான்கு சின்ன டப்பா, ஜன்னல் விளிம்பில் வரிசையாக. பன்னிரண்டு வாரம் போய் ஒரு வருஷமும் போனது. முதலில் வந்தது கிராம்பு. அதுவும் கிராம்பாக இல்லை, "ஏதோ எரியற மாதிரி" என்றாள். பிறகு எலுமிச்சை. காபி வந்த நாளில் எனக்கு ஆபீசுக்குப் போன் செய்து சொன்னாள்.

மாம்பழம் கடைசியில்தான் வந்தது. 2024 ஏப்ரலில், அட்சய திருதியைக்கு முன்னால், அவளே "மண்டயிக்குப் போலாமா" என்று கேட்டாள். நான் இந்தத் தடவை ஸ்கூட்டரை எடுக்கவில்லை, ரிக்ஷாவில் போனோம். மாவ்ஷி அவளை அடையாளம் தெரிந்துகொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அம்மா உட்காரவில்லை. ஒரு பழத்தை எடுத்தாள், கண்ணை மூடினாள், வைத்தாள். முந்தானை. அடுத்த பழம். பக்கத்தில் ஒருவர் வந்து ஒரு டஜன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், பிறகு இன்னொருவர். நான் கொஞ்சம் தள்ளிப் போய், அவளுக்குக் குறுக்கே நிற்காமல், சுவரில் சாய்ந்துகொண்டேன்.

பதினோரு பழம் ஒரு பக்கம் சேர்ந்தது. பன்னிரண்டாவதை மூன்று தடவை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது தெரியலடி."

"வேணாம்னா விட்டுடும்மா."

இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மாவ்ஷியின் கையில் கொடுத்தாள்.

"போடு. பாக்கலாம்."

அந்தப் பழத்தை மட்டும் தனியாகக் காகிதத்தில் சுற்றச் சொல்லி என் கையில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வந்தேன்.